காரைக்குடியிலிருந்து அத்தையும் மாமாவும் வர்றாங்க: போன்ல எதெல்லாம் ஏத்தி வைக்கணும்?

செந்தூல்மகள் (திங்கள், இரவு 10.15)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட தங்கச்சி, எங்க காரைக்குடி அத்தையும் மாமாவும் அடுத்த மாசம் முதல் தடவையா மலேசியா வர்றாங்க. நாலு நாள் கோலாலம்பூர் செந்தூல்ல எங்க வீட்டுல, அப்புறம் பினாங்குல மூணு நாள். மாமாவுக்கு 67, அத்தைக்கு 63. வேலையில கணக்கு முடிக்கிற வாரம், எனக்கு லீவு கிடைக்கல. பகல்ல அவங்க ரெண்டு பேரும் தனியாத்தான் சுத்தணும். பினாங்குக்கும் தனியாத்தான் போறாங்க.

மாமாகிட்ட ஓரளவு நல்ல ஆண்ட்ராய்டு போன் இருக்கு. தமிழ்ல வாட்ஸப் பாப்பார், யூடியூப் பாப்பார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அத்தை போனைத் தொடவே பயப்படுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் போன்ல என்னென்ன இருக்கணும்? பத்துமலை, தண்ணீர்மலை, செட்டியார் கோயில், பினாங்கு கொடிமலை, மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு, இதுதான் அவங்க ஆசைப்பட்ட இடங்கள்.

---

தஞ்சோங்_ஓட்டுநர் (திங்கள், இரவு 10.48)

தங்கச்சி, ரெண்டு கேள்வி. இந்திய சிம்மோட வர்றாங்களா, இங்க வந்து வாங்கப் போறாங்களா? பினாங்குல எங்க தங்குறாங்க? நான் தீவுல ஏழு வருஷமா கிராப் (செயலியில கூப்பிடுற வாடகைக் கார்) ஓட்டுறேன். வெளியூர்ப் பெரியவங்க தடுமாறுற இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். நாளைக்கு உக்காந்து எழுதுறேன்.

---

மதுரைக்காரன்_கேஎல் (திங்கள், இரவு 11.20)

ரெண்டு தடவை எங்க அப்பா அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தவன் சொல்றேன். எந்தச் செயலின்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி சிம் விஷயத்தை முடிங்க. முக்கால்வாசிச் சிக்கல் அங்கதான்.

புதுச் செயலி எதுல பதிவு செஞ்சாலும் ஓடிபி வரும். கார்டுல காசு போனாலும் ஓடிபி வரும். அது மாமாவோட இந்திய நம்பருக்குத்தான் வரும். இங்க வந்து இறங்கினதும் அந்த சிம்மைக் கழட்டி ஒரு டப்பாவுல போட்டுட்டு மலேசிய சிம் போட்டா, அன்னைக்கே எல்லாம் நின்னுடும். எங்க அப்பா அப்படித்தான் பண்ணினார். அந்தக் குட்டி சிம் எங்க விழுந்துச்சுன்னே தெரியாம ஓட்டல் அறையில மெத்தையைத் தூக்கித் தேடினோம். அதனால இரண்டு சிம் போடுற போனா பாருங்க. இந்திய சிம் முதல் இடத்துல அப்படியே இருக்கட்டும். ஊர்லயே ரோமிங்கைத் திறந்துட்டு வரச் சொல்லுங்க, குறுஞ்செய்தி வந்தா போதும். டேட்டா ரோமிங் மட்டும் அணைச்சு வைக்கணும், இல்லன்னா பில் எகிறிடும். ரெண்டாவது இடத்துல இங்க வாங்குற சிம். ஹாட்லிங்க், செல்கோம்டிஜி, யூ மொபைல் மூணுமே பாஸ்போர்ட்டைக் காட்டினா விமான நிலையத்துலயே தருவாங்க. போன் இ-சிம் ஏத்துக்கும்னா ஊர்ல இருந்தே வாங்கி வைக்கலாம், ஆனா 67 வயசுக்காரர் கையில் க்யூஆர் ஸ்கேன் பண்ண விடாதீங்க. வீட்டுப் பிள்ளைகள் யாராவது முடிச்சுக் கொடுக்கட்டும்.

வாட்ஸப் புது சிம் போட்டதும் நம்பரை மாத்தவான்னு கேக்கும். மாத்தவே கூடாது. பழைய நம்பர்லயே ஓடும்.

அடுத்து கார்டு. இந்திய வங்கிக் கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமளா திறந்து விட்டாத்தான் வேலை செய்யும். 2020 மார்ச்ல இருந்து ரிசர்வ் வங்கி வச்ச விதி அது. வங்கிச் செயலியில் ஒரு பொத்தான்தான், ஆனா இங்க வந்து ஓடிபி வராம அதைத் தேடிக்கிட்டு நின்னா அழுகை வரும்.

கடைசியா நுழைவு. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம், இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரை அப்படித்தான். ஆனா மின்னிலக்க வருகை அட்டை கட்டாயம் நிரப்பணும். எம்டிஏசின்னு சொல்வாங்க. வந்து சேர்ற நாளுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள நிரப்பணும், அதுக்கு முன்னாடி நிரப்பினா எடுத்துக்காது. அதுக்குக் கட்டணமே கிடையாது. குடிநுழைவுத் துறையோட சொந்தத் தளத்துல மட்டும் போடுங்க. கூகுள்ல தேடினா மேல விளம்பரமா வர்றதுல காசு பிடுங்குற தளங்கள் உண்டு. எங்க அம்மாவுக்கு அப்படி ஒரு தளத்துல அண்ணன் பணம் கட்டிட்டான், திரும்ப வரவே இல்ல.

---

சுபாங்_பையன் (செவ்வாய், காலை 8.05)

அக்கா, என் பட்டியல்: கிராப், டச் அண்ட் கோ இ-வாலட் (போன்ல காசு கட்ட), கூகுள் மேப்ஸ், வேஸ், மைரேப்பிட் பல்ஸ் (பஸ் எங்க வருதுன்னு பாக்க), மூவிட் (பஸ், ரயில் வழி), கேடிஎம்பி (ரயில்), ரெட்பஸ், ஈசிபுக், கூகுள் டிரான்ஸ்லேட், எக்ஸ்ஈ (நாணய மாற்று), ஹாப்பிகவ் (சைவக் கடை), மைசுவாச்சா (வானிலை). பதிமூணு. எல்லாம் இலவசம்தான், ஏத்தி வச்சுட்டா எப்பவாவது உதவும்.

---

தாமான்_டீச்சர் (செவ்வாய், காலை 10.30)

சுபாங்_பையன் தம்பி, உங்கள் பட்டியலில் ஒன்றுகூடத் தவறானது இல்லை. ஆனால் அது உங்களுக்கான பட்டியல். வேஸ் கார் ஓட்டுபவருக்கு. அந்த இருவரும் கார் ஓட்டப் போவதில்லை. ரெட்பஸ்ஸும் ஈசிபுக்கும் டிக்கெட் எடுக்கும் ஒரு நாளைக்கு மட்டும், அதையும் வீட்டிலிருந்து இந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்துவிடலாம். பதிமூன்று சின்னங்கள் வரிசையாக நிற்கும் திரையில் வேண்டியது எது என்று தேடுவதிலேயே மாமாவுக்கு வியர்த்துவிடும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மூத்தவர்களுக்குத் திறன்பேசி சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதில் கண்டது: நான்குக்கு மேல் புதிதாகக் கொடுத்தால் முதல் நான்கும் மறந்து போகும். ஆகவே நான்கு போதும். வாட்ஸப் ஏற்கெனவே தெரியும், அது கணக்கில் இல்லை. கூகுள் மேப்ஸ், கூகுள் டிரான்ஸ்லேட், கிராப், மைரேப்பிட் பல்ஸ். இந்த நான்கையும் முகப்புத் திரையில் முதல் வரிசையில் வையுங்கள், மற்றவற்றை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் மேப்ஸும் டிரான்ஸ்லேட்டும் தமிழிலேயே பேசும்.

இன்னொன்று முக்கியம். இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காரைக்குடியிலேயே ஒத்திகை நடக்கட்டும். கூகுள் மேப்ஸ் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கோவிலூர் வரை ஒரு முறை போய் வரச் சொல்லுங்கள். தெரிந்த வழியில் வரைபடம் என்ன சொல்கிறது என்று பார்த்தவருக்கு, தெரியாத வழியில் அதன் மேல் நம்பிக்கை வரும்.

---

செந்தூல்மகள் (செவ்வாய், மதியம் 1.10)

டீச்சர், கோவிலூர் யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. மதுரைக்காரன் அண்ணா, சிம் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, அவர் போன் இரண்டு சிம் போடுற போன்தான். ரொம்ப நன்றி.

ஆனா கிராப்பை மாமா போன்ல போடாம நானே ஆபீஸ்ல இருந்து புக் பண்ணிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். வேற ஆளுக்கு புக் பண்ணலாம் இல்லையா? அவங்க ஏறி உக்காந்தா போதும். தப்பு நடக்காது.

---

தஞ்சோங்_ஓட்டுநர் (செவ்வாய், இரவு 9.40)

புக் பண்ணலாம் தங்கச்சி. நீங்க திரையில வண்டி ஓடுறதையும் பாக்கலாம். ஆனா என் சீட்டுல இருந்து பாருங்க. நான் வந்து நிக்கிறேன், ஆள் இல்ல. யாரைக் கூப்பிடுவேன்? புக் பண்ணின உங்களை. நீங்க கூட்டத்துல இருக்கீங்க, எடுக்கல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மர நிழல்ல ரெண்டு பெரியவங்க நிக்கிறாங்க, அவங்கதான்னு எனக்குத் தெரியாது. காத்திருக்கிற நேரம் தாண்டினா காசு ஏறும், அப்புறம் ரத்து ஆகும். வாரத்துல ரெண்டு தடவையாவது இப்படி நடக்குது. கட்டாயம் நீங்கதான் புக் பண்ணணும்னா, பயணி நம்பர்ல மாமாவோட மலேசிய நம்பரைப் போடுங்க, ஒரு நிமிஷ வேலை.

என்னைக் கேட்டா மாமா போன்லயே இருக்கட்டும். இந்திய நம்பர்லயே ஊர்ல பதிவு செஞ்சுடலாம். முகப்படம் எடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம், அதையும் அங்கயே முடிச்சுடுங்க. கார்டைக் கோக்க வேண்டாம், ரொக்கம்னு வச்சுக்கலாம். ஏறுறதுக்கு முன்னாடியே விலை தெரியும். டோல் இருந்தா அது தனி, அதை மட்டும் மாமாகிட்ட சொல்லி வைங்க, இல்லன்னா ஏமாத்துறாங்கன்னு நினைச்சுக்குவார். மழை கொட்டுறப்பவும் சாயங்காலம் வேலை விடுற நேரத்துலயும் விலை ஏறும். அரை மணி நேரம் ஒரு தே தாரிக் (ஆத்தின பால் டீ) குடிச்சுட்டுப் பாத்தா இறங்கிடும்.

இப்போ வரைபடத்துல இடம் குறிக்கிற பின் விஷயம். இதுலதான் நிறையப் பேர் வழி தவறுறாங்க. தண்ணீர்மலைன்னு அவங்க சொல்றது ரெண்டு கோயில். கீழ ரோட்டோரமா நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில். அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி மலை மேல அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. ரெண்டும் முருகன் கோயில், ரெண்டும் ஒரே ஜாலான் கெபுன் புங்கா. தேடினா ரெண்டும் அடுத்தடுத்து வரும். முட்டி வலிக்கிறவங்களை படிக்கட்டு அடியில இறக்கி விட்டுட்டு நான் பாவம் சேத்துக்கிட்ட நாளும் உண்டு. காரைக்குடிக்காரங்க முதல்ல செட்டியார் கோயிலைத்தான் கேப்பாங்க. நீங்களே ரெண்டு இடத்தையும் வரைபடத்துல சரியாப் பாத்து, தமிழ்ல பேர் போட்டு சேமிச்சுக் கொடுத்துடுங்க.

தெருப் பேரும் அப்படித்தான். நம்ம பெரியவங்க "கிரீன் லேன்"னு சொல்வாங்க, பலகையில ஜாலான் மஸ்ஜித் நெகிரி. "பிட் ஸ்ட்ரீட்"னு கேட்டா ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கிளிங். வாட்டர்ஃபால் ரோடுதான் மேல சொன்ன கெபுன் புங்கா. வழி கேட்டா ஒருத்தர் ஒரு பேர் சொல்வார், போன் வேற பேர் காட்டும். பயப்பட வேண்டாம்னு சொல்லி வைங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

வண்டி ஏறுறப்போ நம்பர் பலகையை ஒத்துப் பாக்கணும். எழுத்து புரியலன்னாலும் எண்ணும் வண்டி நிறமும் சரியா இருந்தா ஏறலாம்.

---

மதுரைக்காரன்_கேஎல் (செவ்வாய், இரவு 10.02)

ஓட்டுநர் அண்ணன் சொன்னதோட நான் ஒண்ணு சேக்குறேன். முதல் தடவை நான் எல்லாத்தையும் என் போன்ல வச்சுக்கிட்டேன். அப்பா நாலு நாளும் "அவன் கூப்பிட்டாத்தான் போகணும்"னு அறையிலயே உக்காந்துட்டார். ரெண்டாவது தடவை அவர் போன்லயே போட்டுக் கொடுத்தேன். பிரிக்பீல்ட்ஸ்ல காலை பசியாற தனியாவே போயிட்டு வந்தார். அந்த முகத்தைப் பாக்கணுமே. தப்பு நடக்கும்தான், நடந்தா நாம இருக்கோம்.

---

செந்தூல்மகள் (செவ்வாய், இரவு 10.30)

அதைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் பேசாம உக்காந்திருந்தேன் அண்ணா. எங்க மாமா நாற்பது வருஷம் கடை நடத்தினவர். யாரையும் எதிர்பார்க்காத ஆள். சரி, அவர் போன்லயே போடுறேன்.

டச் அண்ட் கோ எப்படி? இ-வாலட்டா, கார்டா?

---

சுபாங்_பையன் (செவ்வாய், இரவு 10.41)

இ-வாலட்தான் அக்கா. வெளிநாட்டுக்காரங்களும் பாஸ்போர்ட் காட்டிச் சரிபார்த்துக்கலாம். டியூட்நவ் (எல்லா வங்கிக்கும் பொதுவான) க்யூஆர் இருக்கிற கடை எல்லாத்துலயும் கட்டலாம்.

---

மதுரைக்காரன்_கேஎல் (செவ்வாய், இரவு 10.55)

அப்பாவுக்கு முயற்சி பண்ணினேன் தம்பி. சரிபார்ப்பு முடிஞ்சது, காசு ஏத்துறதுலதான் இழுபறி. ஒரு கார்டு ஏறிச்சு, இன்னொண்ணு ஏறவே இல்ல. ஒரு வாரப் பயணத்துக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம்கிறது என் கருத்து.

---

ரயில்_பிரியன் (புதன், காலை 7.15)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். டச் அண்ட் கோ கார்டு (ரயில், பஸ்ல தட்டுறது) வேற, இ-வாலட் வேற. ரெண்டுலயும் இருக்கிற காசும் வேற வேற. வாலட்ல 100 வெள்ளி (ரிங்கிட்) வச்சுக்கிட்டு, வெறும் கார்டை எல்ஆர்டி (நகர ரயில்) கதவுல தட்டிட்டு ஏன் திறக்கலன்னு நிக்கிறவங்களைத் தினமும் பாக்குறேன்.

உங்க அத்தை மாமாவுக்குக் கார்டுதான். ஆளுக்கு ஒண்ணு. ஒரே கார்டுல ரெண்டு பேர் உள்ள போக முடியாது. என்எஃப்சி உள்ள புது வகைக் கார்டு 10 வெள்ளி. அதோட அருமை என்னன்னா, உங்க வாலட்ல இருந்து அவங்க கார்டுக்குக் காசு ஏத்தலாம். கார்டை உங்க போன் முதுகுல வச்சா முடிஞ்சுது. ராத்திரி அவங்க தூங்கினப்புறம் பாத்துட்டு, குறைஞ்சிருந்தா ஏத்தி வச்சுடுங்க. அவங்க ஒரு செயலியும் தொட வேண்டாம்.

செந்தூல்ல இருக்கிறது உங்களுக்கு வசதி. செந்தூல் கேடிஎம் (தேசிய ரயில்) நிலையத்துல கொமூட்டர் (புறநகர் ரயில்) ஏறினா பத்துமலைக்கு நேரா போகும், மாற வேண்டியதே இல்ல, பத்துமலை கடைசி நிறுத்தம். ஆனா எல்ஆர்டி மாதிரி நினைச்ச நேரம் வராது, நேரம் பாத்துட்டுப் போகணும். கூகுள் மேப்ஸ்ல நேரம் வரும், கேடிஎம்பி சொந்தச் செயலியிலயும் வரும். மஸ்ஜித் இந்தியாவுக்கு எல்ஆர்டி. செந்தூல் எல்ஆர்டில ஏறி மஸ்ஜித் ஜாமேக்ல இறங்கினா போதும். ஒரு எச்சரிக்கை: செந்தூல் கேடிஎம்மும் செந்தூல் எல்ஆர்டியும் ஒரே இடம் இல்ல. பேரை மட்டும் போட்டுத் தேடினா எது வேணும்னு போனுக்குத் தெரியாது. ரெண்டையும் தனித்தனியா சேமிச்சு, "பத்துமலை ரயில்", "கடைத்தெரு ரயில்"னு பேர் வச்சுடுங்க.

பினாங்குக்கு ஈடிஎஸ் (மின்சார விரைவு ரயில்). கேஎல் சென்ட்ரல்ல இருந்து பட்டர்வொர்த் நாலு மணி நேரம் சொச்சம். டிக்கெட்டை நீங்களே எடுத்துடுங்க, பாஸ்போர்ட் நம்பர் கேக்கும். பட்டர்வொர்த்ல இறங்கி பினாங்கு சென்ட்ரல் வழியா நடந்து போனா பெர்ரி. பெர்ரிக்கும் அதே டச் அண்ட் கோ கார்டைத் தட்டலாம். பாலத்து வழியா கார்ல போறதை விட தண்ணியில போறதுதான் அவங்களுக்கு நினைவுல நிக்கும்.

---

தஞ்சோங்_ஓட்டுநர் (புதன், காலை 9.20)

கிராப் ஓட்டுற நானே சொல்றேன், பெர்ரிதான் சரி. தீவுக்குள்ள பஸ்ஸுக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன். போற இடம் கடைசி நிறுத்தமா இருக்கிற பஸ்ஸாப் பாத்து ஏறச் சொல்லுங்க. 204 கொடிமலை அடிவாரத்துல முடியும். 10 தாவரவியல் பூங்கா போகும், அதே கெபுன் புங்கா ரோடு. எங்க இறங்குறதுன்னு போனை முறைச்சுக்கிட்டே வர வேண்டாம், எல்லாரும் இறங்கினா இறங்கலாம். திரும்பி வரும்போதும் படகுத்துறைதான் கடைசி. பஸ் எங்க வருதுன்னு பல்ஸ்ல பாக்கலாம், 10 அடிக்கடி வராது. கார்டு இல்லாம ரொக்கம்னா சரியான சில்லறை வேணும், பஸ்ல மீதி தர மாட்டாங்க. ஜார்ஜ்டவுனுக்குள்ள சுத்துற கேட் பஸ்ஸுக்குக் காசே இல்ல.

---

லெபோ_பாசார்_நானா (புதன், மாலை 6.50)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நம்ம கடை பினாங்கு லிட்டில் இந்தியாவுல. அத்தையும் மாமாவும் சைவமா? செட்டிநாட்டுக்காரங்கன்னா அசைவமும் இருக்கும், ஆனா கோயிலுக்குப் போற நாள்ல சைவம்தானே.

சைவம்னா ஹாப்பிகவ்னு ஒரு செயலி இருக்கு, உலகம் முழுக்க உள்ள சைவக் கடைகளைக் காட்டும். ஆனா போன் சொல்லாத ஒண்ணு பெலாச்சான். சம்பல்ல, கங்கோங் கீரைப் பிரட்டல்ல, பாக்கத் தெரியாத இடத்துல எல்லாம் அந்த இறால் விழுது இருக்கும். டிரான்ஸ்லேட்ல "இதுல இறைச்சி இருக்கா"ன்னு கேட்டா கடைக்காரர் "இல்ல"ன்னு உண்மையாத்தான் சொல்வார். பெலாச்சானை அவர் இறைச்சியா நினைக்கவே மாட்டார். அதனால "இறைச்சி, கோழி, மீன், இறால், பெலாச்சான் எதுவும் வேண்டாம்"னு மலாய்ல ஒரு வாசகம் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டா எடுத்து அந்தப் போன்ல வைங்க. நெட் இல்லன்னாலும் காட்டலாம்.

சின்ன ஒட்டுக்கடைகள்ல க்யூஆர் மட்டும் நீட்டுறாங்கன்னு பயப்பட வேண்டாம். ரொக்கம் கொடுத்தா நாங்க யாரும் வேண்டாம்னு சொல்லல. பத்து வெள்ளி, அஞ்சு வெள்ளித் தாளா மாத்திக் கொடுங்க. நூறு வெள்ளித் தாளை நீட்டினாத்தான் காலையில சில்லறை இருக்காது.

இஸ்லாமியக் குடும்பங்கள் இந்த இழையைப் படிச்சா அவங்களுக்கு ஒரு வார்த்தை: தொழுகை நேரத்துக்கு ஜாக்கிமோட (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) இ-சோலாட் நேரத்தைப் பாருங்க, இங்க பள்ளிகள்ல அதுதான் கணக்கு.

---

தாமான்_டீச்சர் (புதன், இரவு 8.15)

நானா சொன்ன வாசகத்தை எழுதித் தருகிறேன்: "சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங். தாக் மாஹு பெலாச்சான்." மலாய் எழுத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், மாமா வாயால் சொல்வதற்குத் தமிழ் எழுத்தில் இது.

டிரான்ஸ்லேட்டில் மலாய், தமிழ் இரண்டு மொழிகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாத இடத்திலும் எழுத்தை மொழிபெயர்க்கும். பலகைக்கு நேராக கேமராவைப் பிடிக்கக் கற்றுக் கொடுங்கள். கூடவே ஆறு சொற்களை மனப்பாடமாகவே கொடுத்துவிடலாம்: மாசோக் உள்ளே, கெலுவார் வெளியே, தாண்டாஸ் கழிவறை, லெலாக்கி ஆண், பெரெம்புவான் பெண், தோலாக் தள்ளு. தாரிக் என்றால் இழு என்பது தே தாரிக் குடித்தவருக்கு மறக்காது. கழிவறைக்கு அவசரமாகப் போகிறவர் போனைத் திறந்து கேமராவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

வரைபடத்தையும் இறக்கி வையுங்கள், கோலாலம்பூர் ஒன்று, பினாங்குத் தீவு ஒன்று. ஆனால் ஒரு குறை தெரிந்திருக்க வேண்டும். இணையம் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் கார் வழியை மட்டுமே சொல்லும். நடக்கும் வழியும் பேருந்து வழியும் வராது. நடப்பதற்கும் வேண்டுமென்றால் ஆர்கானிக் மேப்ஸ் இருக்கிறது, அது இணையமே இல்லாமல் நடைவழி காட்டும். ஐந்தாவது செயலி என்று என்னைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதை அடுத்த பக்கத்தில் வைத்துவிடலாம்.

---

தஞ்சோங்_ஓட்டுநர் (புதன், இரவு 8.40)

நடைவழின்னு டீச்சர் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஜார்ஜ்டவுன்ல வரைபடம் "6 நிமிட நடை"ன்னு காட்டும். ஐந்தடி நடைபாதை பாதி இடத்துல மோட்டார் சைக்கிள், பாதி இடத்துல கடைச் சாமான். ரோட்டுல இறங்கி ஏறி நடக்கணும். பெரியவங்களுக்கு அதை ரெண்டால பெருக்கிக்குங்க, மதியம் 12ல இருந்து 3 வரைக்கும் நடக்கவே வேண்டாம்.

---

செந்தூல்மகள் (வியாழன், இரவு 11.05)

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். இன்னைக்கு வீடியோல அரை மணி நேரம் பேசினோம். மாமா இன்னைக்கே கோவிலூர் போயிட்டு வந்துட்டாராம். "அது சொன்ன வழி சுத்து, ஆனா கொண்டுபோய் சேத்துடுச்சு"ன்னார். அத்தை பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டாங்க, போனை மட்டும் தொடல.

வேற ஏதாவது?

---

ரயில்_பிரியன் (வெள்ளி, காலை 7.30)

மூணு சின்ன விஷயம். பவர் பேங்க் ஒண்ணு, கைப்பையில மட்டும், பெட்டியில போட்டு ஏத்த விட மாட்டாங்க. இங்க சுவர்ல மூணு சதுரக் கால் உள்ள பிளக், இந்தியச் சார்ஜர் நேரா நுழையாது, அடாப்டர் வாங்கி வைங்க. பத்துமலையிலும் கொடிமலையிலும் குரங்கு. போனைச் சட்டைப் பையில வைக்காம, கழுத்துக் கயிறுல மாட்டி சட்டைக்குள்ள விடச் சொல்லுங்க.

---

தாமான்_டீச்சர் (வெள்ளி, காலை 9.00)

ஒரு காகிதம். தங்கும் இடத்தின் பெயர், முகவரி, உங்கள் எண், அவசர எண் 999. இரண்டு பிரதிகள், அத்தை கைப்பையில் ஒன்று, மாமா பணப்பையில் ஒன்று. போன் செத்துப்போனால் அதுதான் செயலி.

---

செந்தூல்மகள் (ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20)

போயிட்டாங்க. வீடு வெறிச்சுனு இருக்கு. உங்களுக்கெல்லாம் சொல்லாம இருக்க முடியல, அதான் எழுதுறேன்.

பத்துமலைக்கு ரெண்டு பேரும் கொமூட்டர்ல தனியாப் போனாங்க. எனக்குத்தான் ஆபீஸ்ல கை ஓடல. வாட்ஸப்ல நேரலை இருப்பிடம் எட்டு மணி நேரத்துக்குப் போட்டு வச்சிருந்தார் மாமா, அந்த நீலப் புள்ளி நகர்றதைப் பாத்துக்கிட்டே கணக்குப் பாத்தேன். 272 படியும் ஏறிட்டாங்க. குரங்கு மாமா போனை எடுக்கல, அத்தை கையில இருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கிச்சு.

பினாங்குல ரெண்டாவது நாள் சிக்கல். செட்டியார் கோயில்ல இருந்து கிளம்புற நேரம் நல்ல மழை, போன் பேட்டரி 9 சதவீதம், பவர் பேங்கை அறையிலயே விட்டுட்டாங்க. மாமா கிராப்பைத் திறக்கிறதுக்குள்ள திரை அணைஞ்சுடுச்சு. நேரலைப் புள்ளி அப்படியே நின்னுடுச்சு. இங்க நான் எழுந்து நின்னுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஓட்டல் நம்பர்ல இருந்து அத்தை கூப்பிடுறாங்க. "நீ கொடுத்த காகிதத்தை எடுத்தேன், கோயில்ல ஒரு பிள்ளைகிட்ட காட்டினேன், அது 10ஆம் நம்பர் பஸ்ல ஏத்தி விட்டுச்சு. கார்டைத் தட்டினேன். கடைசி ஸ்டாப்புல இறங்கினோம்." தொடவே பயந்த அத்தை. டீச்சர், உங்களை நினைச்சுக்கிட்டேன்.

ஓட்டுநர் அண்ணே, செட்டியார்களோட கோயில் வீட்டுல இருந்து தைப்பூசத்துக்குப் புறப்படுற வெள்ளி ரதம் 1894ல கொண்டுவந்ததுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, மாமா அதையே பேசிக்கிட்டு இருந்தார். சேமிச்சுக் கொடுத்த ரெண்டு கோயில் பின்னும் அவ்வளவு உதவியா இருந்துச்சு. முதல்ல செட்டியார் கோயில், மறுநாள் காலையில 513 படி. நானா, பெலாச்சான் படத்தை அஞ்சு கடையில காட்டினாங்களாம், மூணு கடையில "ஓ, பெலாச்சான் ஆடா" (பெலாச்சான் இருக்கு)ன்னு உள்ள போய் வேற வச்சுக் கொடுத்தாங்களாம்.

வேலை செய்யாதது ரெண்டு. டிரான்ஸ்லேட்ல பேசினா பினாங்கு சந்தை இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, எழுதிக் காட்டினதுதான் ஆச்சு. அப்புறம் போன் மொழியைத் தமிழுக்கு மாத்தினதுல சில பொத்தான்களோட தமிழ்ச் சொல் மாமாவுக்கே புரியல. இரண்டு இடத்துல எனக்குப் படம் அனுப்பிக் கேட்டார்.

அத்தை அந்த டச் அண்ட் கோ கார்டைத் திருப்பித் தரல. கைப்பை உள் அறையில வச்சு ஜிப் போட்டுட்டாங்க. தைப்பூசத்துக்கு ரதம் பாக்க வரணுமாம்.

---

தஞ்சோங்_ஓட்டுநர் (ஞாயிறு, மாலை 5.05)

தங்கச்சி, அன்னைக்கு மழையில நான் தீவோட தெற்கே பாயான் லெப்பாஸ்ல இருந்தேன். தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன். தைப்பூசத்தன்னைக்கு அந்த ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க, கிராப் கிட்ட வராது. அறையை நடந்து போற தூரத்துல பாருங்க.

---

ரயில்_பிரியன் (ஞாயிறு, மாலை 6.12)

தைப்பூச வாரம் ஈடிஎஸ் சீக்கிரமே நிறைஞ்சிடும். விற்பனை திறக்குற அன்னைக்கே எடுத்துடுங்க, பாஸ்போர்ட் நம்பர் ரெண்டையும் இப்பவே வாங்கி வச்சுக்குங்க.